பொட்டி நம்மது, சாவி யாருது? - ஒரு ரவுட்டர் வரலாறு

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கறவங்க ராத்திரி சாப்பிட்டு முடிச்சிட்டு வந்து நிதானமா படிங்க. "எந்த ரவுட்டர் வாங்கலாம்?"னு ஒரே ஒரு வரிக் கேள்வியோட வந்தவங்களுக்குப் பதில் கடைசியில இருக்கு. ஆனா நேரா அங்க தாவிட்டா, ஏன் அந்தப் பதில்னு புரியாது.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

2020 ஜூலை. ஊரடங்கு. நான் வேலைக்குச் சேர்ந்து சரியா ஒரு வருஷம். சென்னை மேன்ஷனைக் காலி பண்ணிட்டு மேலநீலிதநல்லூர் வந்து நாலு மாசம் ஆயிருந்தது. மேலநீலிதநல்லூர் தெரியாதவங்களுக்கு: சங்கரன்கோவில் தாலுகா, தென்காசி மாவட்டம். (2019 நவம்பர் வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம். பெரியவங்க வாயில இன்னும் திருநெல்வேலி மாவட்டம்தான்.) எங்க தெருவுக்குக் கேபிள் இழுக்கற அண்ணன் ஒருத்தர் ஃபைபர் கனெக்ஷன் குடுத்தாரு. கூடவே ஒரு வெள்ளைப் பொட்டி. விளக்கெல்லாம் பச்சையா எரிஞ்சுது. 20 எம்பிபிஎஸ். போதும்னு நினைச்சேன்.

பிரச்சினை என்னன்னா, தங்கச்சிக்கு அப்ப காலேஜ் ஆன்லைன் கிளாஸ். அசைன்மென்ட்டைப் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்பணும். அவ "அப்லோட்"னு ஒரு தட்டு தட்டுனா, நடு வீட்டுல கால்ல இருக்கற என் குரல் கிணத்துக்குள்ள விழுந்துரும். "யூ ஆர் பிரேக்கிங்"னு மேனேஜர் சொல்றது மட்டும் நல்லா கேக்கும். என் டீம்ல ரெண்டு பேரை அந்த மாசம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலை. வாரா வாரம் வெள்ளிக்கிழமை கிளையன்ட்டுக்கு நான் டெமோ காட்டணும். தங்கச்சிக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலந்தான் அசைன்மென்ட்டுக்குக் கடைசி நேரம். அந்தக் காலேஜ்ல நேரம் தப்பினா மார்க் கிடையாது.

அம்மா சொன்ன தீர்வு: "ஏய்யா, அவ பாடத்தை அனுப்பி முடிக்கட்டும், பெறவு நீ பேசேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஏன் முட்டிக்கிட்டு நிக்கிய?"

சிரிச்சேன். அம்மா சொன்னதுல விஷயம் இருக்குன்னு பிறகுதான் தெரிஞ்சுது. அதைக் கடைசியில சொல்றேன்.

வேகத்தை அளந்தா 20 சரியா வருது. அப்ப கோளாறு பொட்டிக்குள்ளதான். உள்ள போய் செட்டிங் பார்க்கலாம்னா பாஸ்வேர்டு கேட்டுச்சு. அண்ணனுக்குப் போன் போட்டேன். "அது எங்ககிட்டயே கிடையாது தம்பி, மேல இருக்கவங்ககிட்டதான் இருக்கு"ன்னாரு. மேல இருக்கவங்களைக் கேட்டா, தர முடியாதுன்னுட்டாங்க. பொட்டி நம்ம வீட்டு ஷெல்ப்ல, கரண்டு நம்ம மீட்டர்ல, மாசாமாசம் காசு நம்ம பையில. சாவி மட்டும் வேற ஏதோ ஊர்ல. அந்தக் கடுப்புலதான் இந்தக் கதையைத் தேட ஆரம்பிச்சேன்.

நீலப்பொட்டியின் கதை

ரவுட்டர்னு நாம சொல்றது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். பிராசசர் உண்டு, ராம் உண்டு, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா ஃபிளாஷ் சிப் உண்டு. அந்த ஃபிளாஷ்ல எழுதியிருக்கற மென்பொருள்தான் ஃபர்ம்வேர். கம்பெனி எழுதினதை அழிச்சிட்டு வேற ஒண்ணை எழுத முடியும்னா, பொட்டி அதேதான், குணம் வேற.

இது முடியும்னு உலகத்துக்குக் காட்டின பொட்டி லின்க்சிஸ் கம்பெனியோட டபிள்யூஆர்டி54ஜி. நீலமும் கறுப்பும் கலந்து, பின்னாடி ரெண்டு ஆன்டெனா கொம்பு மாதிரி நிக்கும். 2002 டிசம்பர்ல வெளிவந்தது. 125 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 16 எம்பி ராம், 4 எம்பி ஃபிளாஷ். இன்னிக்கு நாம மொபைல்ல எடுக்கற ஒரு போட்டோவே அந்த 4 எம்பிக்குள்ள அடங்காது.

2003 மார்ச்சுல சிஸ்கோ, லின்க்சிஸை 50 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கப்போறதா அறிவிச்சுது. ஜூன்ல வாங்கி முடிச்சாச்சு. அதே ஜூன்ல ஆண்ட்ரூ மிக்லாஸ்ங்கறவர் லினக்ஸ் கெர்னல் மடல்குழுவுல ஒரு மடல் போட்டாரு. சாராம்சம் இதுதான்: இந்தப் பொட்டிக்குள்ள ஓடறது லினக்ஸ், ஆனா அதோட மூலநிரலை இவங்க தரலை.

ஏன் தரணும்? லினக்ஸ் கெர்னலோட உரிமம் ஜிபிஎல். எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். ஒரு பாட்டி தன் குழம்பு செய்முறையை ஊருக்கே இலவசமா குடுத்துட்டு ஒரே ஒரு நிபந்தனை போடறாங்க. "இதை வெச்சுக் குழம்பு வெச்சு வித்துக்கோ, காசு பாத்துக்கோ. நீ உப்பு புளி மாத்தியிருந்தாலும் சரி. ஆனா வாங்கினவன் செய்முறையைக் கேட்டா மறைக்காம குடுத்துரணும்." அவ்வளவுதான் ஜிபிஎல். லின்க்சிஸ் குழம்பு வித்துச்சு, செய்முறை குடுக்கலை.

இதுல வேடிக்கை, 50 கோடி குடுத்து வாங்கின சிஸ்கோ, மறைக்கணும்னு திட்டம் போட்டு மறைக்கலை. சிப்பு பிராட்காம் கம்பெனியோடது. மென்பொருளைக் கோத்துக் குடுத்தது தைவானைச் சேர்ந்த சைபர்டான். அதை வாங்கித் தன் பேரை ஒட்டினது லின்க்சிஸ். லின்க்சிஸையே வாங்கினது சிஸ்கோ. மூணு கை மாறி வந்த சரக்கு. எந்தக் கையிலயும் யாரும் மூட்டையைப் பிரிச்சுப் பார்க்கலை. ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஒருபக்கம் கேட்க, லினக்ஸ் நிரலாளர்கள் ஒருபக்கம் கேட்க, அந்த வருஷமே மூலநிரல் வெளிய வந்துச்சு. (பிறகும் முழுசா ஒழுங்கா நடக்கலைன்னு 2008 டிசம்பர்ல அதே ஃபவுண்டேஷன் சிஸ்கோ மேல வழக்குப் போட்டு, 2009 மே மாசம் சமரசமாச்சு. அது தனிக்கதை.)

நிரல் கைக்கு வந்ததும் நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? 2004 ஜனவரியில ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்குச்சு. பேருலயே அந்த நீலப்பொட்டி உக்காந்திருக்கு பாருங்க. அடுத்த வருஷம் ஜெர்மனியிலிருந்து செபாஸ்டியன் கோட்ஷால், 'பிரெயின்ஸ்லேயர்'ங்கற புனைபெயர்ல டிடி-டபிள்யூஆர்டியைக் கொண்டுவந்தாரு. பிறகு ஜோனதன் சாரேட் எழுதின டொமேட்டோ. 60, 70 டாலர் பொட்டி, பல நூறு டாலர் பொட்டி செய்யற வேலையைச் செய்ய ஆரம்பிச்சுது.

2005 கடைசியில லின்க்சிஸ் ஒரு வேலை பண்ணுச்சு. டபிள்யூஆர்டி54ஜி ஐந்தாம் பதிப்புன்னு ஒண்ணு விட்டாங்க. வெளியே பார்க்க அதே நீலப்பொட்டி, அதே பேரு. உள்ள ராம் 8 எம்பி, ஃபிளாஷ் 2 எம்பின்னு பாதியாக்கிட்டாங்க. லினக்ஸையும் தூக்கிட்டு விஎக்ஸ்ஒர்க்ஸ் போட்டாச்சு. சின்ன மெமரி போதும், செலவு மிச்சம். சத்தம் வந்ததும், பழைய உள்ளுறுப்பை வெச்சே டபிள்யூஆர்டி54ஜிஎல்னு இன்னொண்ணை விட்டாங்க. அந்த 'எல்' லினக்ஸுக்கு. அதாவது அதுவரைக்கும் குடுத்துட்டிருந்ததை நிறுத்திட்டு, அதையே தனிப்பேர்ல விக்கறது. அது பல வருஷம் ஓடுச்சு.

இந்த இடத்தை மனசுல குறிச்சு வெச்சுக்கோங்க: ஒரே பேரு, வேற வேற உள்ளுறுப்பு. நான் மண்ணைக் கவ்வினது இங்கதான்.

2005: தர்மசாலாவும் தேனியும்

இதெல்லாம் அமெரிக்காக்காரன் பொழுதுபோக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். தேடினா கதை நம்ம பக்கமே வருது.

2005 ஜனவரியில இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில உரிமம் இல்லாம ஒயர்லெஸ் கருவி வெச்சுக்கலாம், கட்டடத்துக்கு வெளியேயும் வெச்சுக்கலாம்னு அனுமதிச்சுது. (அதே மாசந்தான் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்டும் தொடங்குச்சு. நான் அப்ப ரெண்டாங் கிளாஸ். எனக்கு நெட்டுன்னா மீன் புடிக்கறதுதான்.) அனுமதி வந்த அடுத்த மாசமே இமாச்சலப் பிரதேசம் தர்மசாலாவுல ஒரு சமூக ஒயர்லெஸ் வலையமைப்பு கிளம்பிருச்சு. யாஹெல் பென்-டேவிட்ங்கறவர் முன்னின்னு, அங்க இருக்கற திபெத்திய மக்களோட சேர்ந்து கட்டினது. பிறகு ஏர்ஜல்தின்னு பேரு. விலை கம்மியான ரவுட்டரை எடுத்து, சொந்த ஃபர்ம்வேர் ஏத்தி, மழை புகாத பொட்டிக்குள்ள வெச்சு மலை மேல நிறுத்தினாங்க. மலை, மழை, இடி, குரங்கு எல்லாத்தோடயும் மல்லுக்கட்டணும்.

நமக்கு நெருக்கமான கதை தேனி.

அரவிந்த் கண் மருத்துவமனை தெரியாத தமிழன் இருக்க முடியாது. 1976-ல மதுரையில 11 படுக்கையோட தொடங்கினவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர். நம்ம கரிசக்காட்டு ஆளு! அவங்க தேனி மருத்துவமனைக்குச் சுத்துவட்டாரத்துல சின்னச் சின்ன கண் பரிசோதனை மையங்கள் வைக்க நினைச்சாங்க. ஒவ்வொரு ஊருக்கும் கண் டாக்டர் அனுப்ப முடியாது. மையத்துல பயிற்சி பெற்ற ஊழியர் ஒருத்தர் கண்ணைப் பார்த்து விவரம் எடுப்பாங்க. தேனியில இருக்கற டாக்டர் வீடியோவுல நோயாளிகிட்டப் பேசி முடிவு சொல்லுவாரு. ஆபரேஷன் தேவைன்னா மட்டும் தேனிக்கு வந்தா போதும். கூலி வேலைக்குப் போற ஒரு பாட்டிக்கு ஒருநாள் கூலியும் பஸ் காசும் மிச்சம். எத்தனையோ பேர் "அவ்வளவு தூரம் எவன் போறது"ன்னே கண்ணு போனவங்க. அதனால இது சின்ன விஷயமில்லை.

ஆனா வீடியோவுக்கு இணைப்பு? கேபிள் கிடையாது. செயற்கைக்கோள்னா விலை கட்டாது. அங்கதான் கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டயர் குழு வந்துச்சு. எரிக் ப்ரூவர்ங்கற பேராசிரியரோட குழு. அவங்க யோசனை: நம்ம வீட்டு வைஃபையையே கிலோமீட்டர் கணக்குல அடிச்சா என்ன?

அடிக்கலாம். உயரமான கம்பம், நேருக்கு நேர் பார்க்கற ஆன்டெனா இருந்தா சிக்னல் போயிரும். பிரச்சினை சிக்னல்ல இல்லை, மென்பொருள்ல. வைஃபை ஒரு துண்டுத் தகவலை அனுப்பிட்டு, "கிடைச்சுது"ன்னு பதில் வர்றதுக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். வரலைன்னா தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சு திருப்பி அனுப்பும். ஒளிவேகத்துல 10 கிலோமீட்டர் போக 33 மைக்ரோநொடி, வர 33. வீட்டுக்குள்ள ஓடத் தயாரிச்ச வைஃபை அவ்வளவு நேரம் பொறுக்காது. பதில் வந்துட்டே இருக்கும்போதே மறுபடி அனுப்பும். லெட்டர் போட்ட அன்னிக்கே பதில் வரலைன்னு இன்னொரு லெட்டர் போடற மாதிரி. இது போக, பேசறதுக்கு முன்னாடி யாராவது பேசறாங்களான்னு காது குடுத்துக் கேக்கற வழக்கம் வைஃபைக்கு உண்டு. பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கறவன் பேச ஆரம்பிச்சது இவனுக்குத் தாமதமாத்தான் கேக்கும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி முட்டிக்குவாங்க. (முட்டிக்கிட்டு நிக்கிய! அம்மா டயலாக் ஞாபகம் வருதா?)

தீர்வு, அந்த விதியையே மாத்தறது. முறை வெச்சுப் பேசறது: இந்த நேரம் நீ அனுப்பு, அடுத்த நேரம் நான் அனுப்பறேன். ஒவ்வொரு துண்டுக்கும் பதில் கேக்காம, மொத்தமா ஒரு பதில். கான்பூர் ஐஐடியில பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005-ல 2பிங்கற பேர்ல இந்த மாதிரி ஒரு முறையை எழுதியிருந்தாங்க. அதை நீட்டி பெர்க்லி குழு 2007-ல வெளியிட்டதுதான் வைல்ட்நெட். ரபின் பாத்ரா, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன், சோனேஷ் சுரானான்னு அந்தக் கட்டுரையில நம்ம நாட்டுப் பேர் பல இருக்கு. சாதாரண வைஃபையோட ஒப்பிட்டா 2 முதல் 5 மடங்கு வேகம். 2006-லயே அஞ்சு மையங்கள் தேனியோட இப்படி இணைஞ்சு ஓட ஆரம்பிச்சிருந்துச்சு. அந்த ஜூலையிலதான் டாக்டர் வெங்கடசாமி காலமானாரு.

யோசிச்சுப் பாருங்க. கடையில கிடைக்கற மலிவான வைஃபை சிப்புதான். அதுக்குள்ள ஓடற நிரலைத் திறக்க முடிஞ்சதால, மாத்த முடிஞ்சதால, தேனிப் பக்கத்து ஒரு பாட்டி உள்ளூர்லயே டாக்டர்கிட்டப் பேசினாங்க. நிரல் பூட்டியிருந்தா இது நடந்திருக்காது.

2008-ல அதே குழு இன்னொரு கட்டுரை எழுதுச்சு. கிராமத்து ஒயர்லெஸை வருஷக்கணக்கா உயிரோட வெச்சிருக்கறது எப்படின்னு. அதுல அவங்க சொன்ன பெரிய எதிரி, சிக்னல் இல்லை. கரண்டு! வோல்டேஜ் ஏறி இறங்கி, திடீர்னு போய் வந்து கருவிகளைக் காலி பண்றது. இதை நான் படிச்சப்ப "அட, ஆமால்ல"ன்னு தாண்டிப் போயிட்டேன். தாண்டியிருக்கக் கூடாது.

வாங்கின கதை, வாங்கிக் கட்டிக்கிட்ட கதை

சரி, மறுபடி வீட்டுக்கு வருவோம். கேபிள் அண்ணனோட பொட்டியைத் தூக்கி எறிய முடியாது, ஃபைபர் அதுலதான் சொருகியிருக்கு. ஆனா அதுக்குப் பின்னாடி நம்ம ரவுட்டர் ஒண்ணை வயர்ல மாட்டி, வீட்டுல எல்லாரும் நம்மதுல சேர்ந்துட்டா, சாவி நம்ம கையில.

பட்ஜெட் ரெண்டாயிரம். அதுக்கு மேல கேட்டா அப்பா பார்க்கற பார்வை தெரியும். ஒரு மாடல் ஆதரவுப் பட்டியல்ல இருந்துச்சு. ஆன்லைன்ல போட்டேன், வந்துச்சு. அட்டையைப் பிரிச்சு அடியில இருக்கற ஸ்டிக்கரைப் பார்த்தா, பதிப்பு எண் வேற. பேரு அதே பேரு. உள்ள மெமரி பாதி. 2005-ல நீலப்பொட்டிக்கு நடந்த அதே கதை, 2020-ல எனக்கு. படிச்சு என்ன பிரயோஜனம்? தப்பு என்னோடதுதான், பதிப்பு எண்ணைப் பார்க்காம பட்டனைத் தட்டினது.

ஊரறிஞ்ச உதாரணம் ஒண்ணு சொல்றேன். டிபி-லிங்க் 841என், நம்ம நாட்டுல அநேகமா எல்லாத் தெருவுலயும் ஒண்ணு இருக்கும். அதுல பதிமூணாம் பதிப்புக்கு 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ராம். அடுத்து வந்த பதினாலாம் பதிப்புக்கு 4 எம்பி, 32 எம்பி. புதுசுதானே நல்லதுன்னு நினைச்சா போச்சு. 4/32 பொட்டிகளுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி அதிகாரபூர்வமாக் கட்டிக் குடுத்த கடைசித் தொகுப்பு 19.07. அதுக்கப்புறம் கதவு மூடியாச்சு.

நான் வாங்கினதைத் திருப்பி அனுப்பிட்டு, திருநெல்வேலியில ஒரு நண்பன் மூலமா செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு பிடிச்சேன். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பட்டியலோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துட்டுத்தான் காசு. 700 ரூபா. (மாடலைச் சொல்ல மாட்டேன். சொன்னா அதையே தேடி அலைவீங்க, இப்ப அது கிடைக்காது.)

வியாழக்கிழமை ராத்திரி உக்காந்தேன். மறுநாள் டெமோ. ஃபைலை ஏத்தினேன். "அணைக்காதீர்கள்"னு திரையில வந்துச்சு. பாதி ஓடியிருக்கும், தெருவே இருண்டு போச்சு. ஆத்தாடி!

கரண்டு வந்த பிறகு பொட்டியில ஒரே ஒரு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிஞ்சுது. இதைத்தான் 'பிரிக்'கும்பாங்க. செங்கல். கதவு பிடிச்சுக்காம நிறுத்தறதுக்கு ஆகும். தேனிக்காரங்க எழுதி வெச்சிருந்தாங்க, நான் படிச்சும் இருந்தேன்! அந்த ராத்திரி என்னைவிடத் தங்கச்சிதான் நிதானமா இருந்தா. "அண்ணே, மொபைல்ல தேடிப் பாரு, செத்ததை எழுப்ப வழி இருக்கும்"னா. இருந்துச்சு. பல ரவுட்டர்ல, ஃபர்ம்வேர் செத்தாலும் அதை எழுப்பி விடற ஒரு குட்டி நிரல் தனியா உயிரோட இருக்கும். லேப்டாப்புக்குக் குறிப்பிட்ட ஒரு ஐபி எண் குடுத்து, குறிப்பிட்ட பேர்ல ஃபைலைத் தயாரா வெச்சு, ரீசெட் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே சுவிட்சைப் போட்டா, அது கைநீட்டி ஃபைலை வாங்கிக்கும். ஆறு தடவை தோத்து, ஏழாவது தடவை வாங்கிக்கிச்சு. இந்தத் தடவை பொட்டி அடுத்த வீட்டு மாமாவோட இன்வெர்ட்டர்ல. மணி ராத்திரி ரெண்டே கால்.

அம்மா சொன்னதும் அண்ணாச்சி கடையும்

இனி, முட்டிக்கிட்டு நிக்கற விஷயம்.

2010-ல ஜிம் கெட்டிஸ்ங்கற பெரிய ஆளு, வீட்டுல பெரிய ஃபைல் அனுப்பும்போது மொத்த நெட்டும் படுத்துக்கறதைக் கவனிச்சாரு. எங்க வீட்டுக் கதையேதான். காரணத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு 'பஃபர்ப்ளோட்'னு பேர் வெச்சாரு. மெமரி விலை குறைஞ்சதும் கம்பெனிக்காரங்க பொட்டிக்குள்ள பெரிய பெரிய காத்திருப்பு அறை கட்டிட்டாங்க. ஒரு பெரிய அப்லோட் வந்தா அந்த அறை முழுக்க நிரம்பிரும். அதுக்குப் பின்னாடி வர்ற என் குரல் துண்டு, வரிசையில கடைசியில நிக்கும். தன் முறை வர்றதுக்குள்ள ஒரு நொடி, ரெண்டு நொடி. வேகம் குறையலை, காத்திருப்புதான் கூடுச்சு. அதனாலதான் வேகத்தை மட்டும் அளந்த எனக்குக் கோளாறு தெரியலை.

2012-ல கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல்னு ஒரு முறையை வெளியிட்டாங்க. எரிக் டூமாஸே அதை வரிசை பிரிக்கற முறையோட சேர்த்து எஃப்க்யூ-கோடெலா லினக்ஸுக்குள்ள கொண்டுவந்தாரு. டேவ் டாட்ங்கறவர் ஓப்பன்டபிள்யூஆர்டியை வெச்சு செரோடபிள்யூஆர்டின்னு ஒரு சோதனைப் பதிப்பு நடத்தி, அதை வீட்டு ரவுட்டர்ல ஓட வெச்சு நிரூபிச்சாரு. வருஷக்கணக்கா ஊர் ஊராப் போய் இதையே பேசின மனுஷன். 2025 ஏப்ரல் 1 அன்னிக்குக் காலமாயிட்டாரு.

அது எப்படி வேலை செய்யுதுன்னா, நம்ம அண்ணாச்சி கடை மாதிரி. மாசச் சாமான் லிஸ்ட்டோட ஒருத்தர் நிப்பாரு. நடுவுல ஒரு பையன் வந்து "அண்ணாச்சி, ஒரு தீப்பெட்டி"ம்பான். நல்ல அண்ணாச்சி லிஸ்ட்டை முழுசா முடிச்சிட்டுத்தான் உனக்குன்னு சொல்ல மாட்டாரு. உளுந்து கட்டற இடைவெளியில தீப்பெட்டியை எடுத்துப் போட்டுருவாரு. லிஸ்ட்டுக்காரருக்கு ஒரு நொடிதான் தாமதம். பையனுக்கு அரை மணி நேரம் மிச்சம். என் குரல் தீப்பெட்டி, தங்கச்சி அசைன்மென்ட் மாசச் சாமான். அம்மா சொன்ன "முட்டிக்காம முறை வெச்சுப் போங்க"வை நொடிக்குப் பல நூறு தடவை செய்யறதுதான் இது!

ஒரு சூட்சுமம்: நெரிசல் நம்ம பொட்டியில நடந்தாத்தான் நம்ம அண்ணாச்சி பஞ்சாயத்து பண்ண முடியும். அதனால அளந்த வேகத்துல 90 சதவீதத்தை எல்லைன்னு நம்ம ரவுட்டர்ல குடுக்கணும். 20-க்குப் பதிலா 18. ரெண்டு எம்பிபிஎஸ் போச்சு, நிம்மதி வந்துச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் டெமோ காட்டிட்டிருக்கேன். அந்தப் பக்கம் தங்கச்சி, என்னைப் பார்த்துக்கிட்டே, அப்லோட் பட்டனைத் தட்டினா. நான் பேச்சை நிறுத்தலை. எதிர்ப்பக்கமும் யாரும் "பிரேக்கிங்"னு சொல்லலை. அவ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினா. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. காபி கொண்டுவந்து வெச்சுட்டு, "இன்னைக்கு நெட்டு நல்லா இருக்கு போலய்யா"ன்னு போயிட்டாங்க. எனக்கு அக்டோபர்ல வேலை நிரந்தரமாச்சு. ரவுட்டர்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுவும் ஒரு காரணம்.

இப்ப வாங்கறவங்களுக்கு

1. ஃபிளாஷ் 16 எம்பி, ராம் 128 எம்பி. இதுக்குக் கீழ போகாதீங்க. 8/64 இன்னிக்கு ஓடினாலும் நாளைக்கு மூச்சு வாங்கும்.

2. மாடல் பேரை மட்டும் நம்பாதீங்க. ஸ்டிக்கர்ல இருக்கற பதிப்பு எண்தான் உண்மையான பேரு. முதல்ல ஆதரவுப் பட்டியல், பிறகு கடை. மாத்திச் செய்யாதீங்க.

3. சிப்பு யாரோடதுன்னு பாருங்க. மீடியாடெக், குவால்காம் ஏதராஸ் சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் நல்லா இருக்கு. பிராட்காம் வைஃபைன்னா பொதுவா தலைவலி. கதை தொடங்கினது பிராட்காம்லதான்ங்கறது ஒரு சோகம்.

4. செத்தா எழுப்ப வழி இருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே படிச்சு வையுங்க.

5. இன்வெர்ட்டர்! இன்வெர்ட்டர்! இன்வெர்ட்டர்!

இதெல்லாம் எதுக்கு, கம்பெனி குடுத்ததே போதாதான்னு கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு சம்பவம். 2018 மே மாசம் விபிஎன்ஃபில்டர்னு ஒரு கிருமி 54 நாடுகள்ல குறைஞ்சது 5 லட்சம் ரவுட்டர் மாதிரிக் கருவிகளைப் பிடிச்சிருந்தது தெரிய வந்துச்சு. வித்த கம்பெனி ரெண்டு மூணு வருஷத்துல பழைய பொட்டியை மறந்துரும். பொட்டி நம்ம வீட்டுல பத்து வருஷம் எரிஞ்சுட்டே இருக்கும். ஓட்டையை அடைக்கறது யாரு?

திறந்த கூட்டத்துலயும் சண்டை இல்லாம இல்லை. 2016-ல ஓப்பன்டபிள்யூஆர்டி ரெண்டா உடைஞ்சு லீட்னு ஒரு கட்சி தனியாப் போச்சு, 2018 ஜனவரியில மறுபடி ஒண்ணாச்சு. அதே 2016-ல அமெரிக்காவுல டிபி-லிங்க், அலைவீச்சு விதியை மீறினதுக்கு 2 லட்சம் டாலர் கட்டினப்ப, வேற ஃபர்ம்வேர் போடவும் வழி செய்யறோம்னு ஒத்துக்கிட்டாங்க. 2024 நவம்பர்ல ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்னுன்னு அவங்க பேருலயே ஒரு பொட்டி வந்திருக்கு. வந்தப்ப பொட்டியோட சேர்த்து 89 டாலர், நம்ம பட்ஜெட்டுக்கு அதிகம்தான். ஆனா அதுல செத்தா எழுப்பறதுக்குன்னே தனி ஃபிளாஷ் சிப்பு வெச்சிருக்காங்க. என்னை மாதிரி எத்தனை பேர் ராத்திரி ரெண்டே கால் மணிக்கு முழிச்சிருந்திருக்கணும்!

நான் இப்ப சென்னையில. ஊர்ல ரவுட்டரைத் தங்கச்சிதான் பார்த்துக்கறா. போன மாசம் போன் பண்ணி, "அண்ணே, புது பதிப்பு போட்டுட்டேன், பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்"னா. என்னன்னு கேட்டேன். "நீ வீட்டுக்கு வா, சொல்றேன்"ங்கறா. சாவி வீட்டுக்குள்ளதான் இருக்கு, என்கிட்ட இல்லை, அவ்வளவுதான் :-)

உங்க வீட்டுப் பொட்டி அடியில என்ன பதிப்பு எண் எழுதியிருக்கு? திருப்பிப் பார்த்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.

டிஸ்கி: ஃபர்ம்வேர் மாத்தினா கம்பெனி வாரன்ட்டி போகலாம். செங்கல் ஆனா என்னைத் திட்டாதீங்க. ராத்திரி ரெண்டே கால் மணி வரைக்கும் முழிச்சிருக்கத் தயாரா இருந்தா மட்டும் இறங்குங்க.